ரெண்டாம் பக்கம் தெளிவா இல்லன்னு ரிட்டர்ன் ஆன ஒரு கேஸ்

போன மாசம் ஒரு நாள் ராத்திரி 9.40க்கு மெயில் வந்துச்சு. ஒரு வாரம் முன்னாடி ஆன்லைன்ல ஃபைல் பண்ணின பாகப்பிரிவினை கேஸ் ரிட்டர்ன். காரணம் ஒரே வரிதான், ஆவணம் 3, பக்கம் 2 தெளிவா இல்ல, சரி பண்ணி திரும்ப போடுங்கன்னு. சாப்பிட்டுக்கிட்டு இருந்தவ கையைக் கழுவிட்டு லேப்டாப்பைத் திறந்து அந்த பக்கத்தை பெருசாக்கி பாத்தேன். நிஜமாவே தெளிவா இல்ல. பக்கத்துக்கு நடுவுல கறுப்பா ஒரு பட்டை, அதுக்கு மேலயும் கீழயும் எழுத்து இருக்கு, பட்டைக்குள்ள இருந்த மூணு வரி போச்சு. போனது எந்த மூணு வரின்னு பாத்தா, நான்கு மால் சொல்ற வரி.

நிலம் சம்பந்தப்பட்ட கேஸ் பாக்காதவங்களுக்கு இது புரியாமப் போகலாம், அதனால சொல்லிடுறேன். ஒரு நிலம் எங்க இருக்குன்னு பத்திரத்துல எழுதும்போது வடக்க என்ன, தெக்க என்ன, கிழக்க என்ன, மேற்க என்னன்னு நாலு எல்லையும் சொல்லணும், அதைத்தான் நான்கு மால்னு சொல்றது. இந்த பத்திரம் 1962ல எழுதினது. அதுக்கப்புறம் 80கள்ல யுடிஆர் சர்வே, அதாவது நிலப் பதிவேடுகளைப் புதுப்பிச்ச சர்வே வந்து நம்பரெல்லாம் மாறிப்போச்சு. பழைய சர்வே நம்பரை வச்சு இன்னைக்கு நிலத்தைக் காட்டணும்னா, இந்த நாலு எல்லைதான் கை கொடுக்கும், குளத்து மடைக்கு தெற்கு, வாய்க்காலுக்கு மேற்குன்னு எழுதியிருக்கிற அந்த வரிதான் கேஸோட உயிர். அதுதான் கறுப்புப் பட்டைக்குள்ள போயிடுச்சு. ரிட்டர்ன் போட்ட ஆபீஸ் மேல எனக்கு கோவமே வரல, சரியாத்தான் போட்டிருக்காங்க.

கட்சிக்காரங்க 70 தாண்டின ஒரு ஆச்சி. அவங்க அய்யா வாங்கின நிலம், அண்ணன் தம்பி மக்க அவங்களுக்குள்ளயே பிரிச்சுக்கிட்டாங்க, ஆச்சியை யாரும் ஒரு வார்த்தை கேக்கல. அசல் பத்திரத்தை மட்டும் அவங்க அம்மா இவங்க கையில கொடுத்துட்டுப் போயிருக்காங்க. அதை ஒரு மஞ்சப்பைக்குள்ள பிளாஸ்டிக் கவர் போட்டு, மடியில வச்சுக்கிட்டுதான் ஆபீஸுக்கு வருவாங்க. "வச்சுட்டுப் போங்க ஆச்சி, ஸ்கேன் பண்ணிட்டு தாரேன்"னு சொன்னா, "நீ பண்ணும்மா, நா இங்கனயே உக்காந்திருக்கேன்"னுட்டாங்க. சாயங்காலம் வரைக்கும் பெஞ்சுல உக்காந்திருந்து வாங்கிட்டுத்தான் பஸ் ஏறினாங்க. 60 வருஷத்துக்கு மேல மடிச்ச இடத்துலயே மடிச்சு மடிச்சு, அந்த மடிப்புல தாள் பழுப்பு ஏறி நைஞ்சு போயிருந்துச்சு. நாங்க ஸ்கேன் பண்ணினது பிளாக் அண்ட் ஒயிட்ல, ஏன்னா ஃபைல் சைஸ் சின்னதா இருக்கணும். பிளாக் அண்ட் ஒயிட் ஸ்கேன்ல நடுவாந்தரம்னு ஒண்ணு கிடையாது, ஒவ்வொரு புள்ளியும் ஒண்ணு கறுப்பு இல்லன்னா வெள்ளை. பழுப்பு ஏறின மடிப்பு மொத்தமும் கறுப்புன்னு முடிவு பண்ணிடுச்சு, அந்தக் கால மையில எழுதின எழுத்து அதுக்குள்ளயே முங்கிப்போச்சு.

இ-ஃபைலிங் பத்தி எழுதணும்னு ரொம்ப நாளா நினைச்சுக்கிட்டு இருக்கேன். நான் தென்மாவட்டத்துல ஒரு சின்ன ஊர் கோர்ட்ல பிராக்டிஸ் பண்றவ. இது நல்லதா கெட்டதான்னு வக்கீலுங்க சண்டை போடுறதை தினமும் கேக்குறேன், ரெண்டு பக்கமும் பாதி நிஜம் இருக்கு. ஆனா ரெண்டு பக்கமுமே பேச மறக்குற ஆள் ஒண்ணு உண்டு, கேஸ் யாரோடதோ அவங்க.

முதல்ல முறையைச் சொல்றேன். இ-கோர்ட்ஸ் திட்டம் 2007ல ஆரம்பிச்சது, கோர்ட்டுக்கெல்லாம் கம்ப்யூட்டர் கொடுத்தது அப்பதான். 2015ல ரெண்டாம் கட்டம். மூணாம் கட்டத்துக்கு 2023 செப்டம்பர்ல மத்திய அமைச்சரவை 7,210 கோடி ஒதுக்கிச்சு, அதுல பழைய கேஸ் பேப்பர் கட்டுகளையெல்லாம் ஸ்கேன் பண்ணி டிஜிட்டல் ஆக்குறதுக்கு மட்டும் 2,000 கோடிக்கு மேல. சுப்ரீம் கோர்ட்ல 2006லயே இ-ஃபைலிங் வந்துடுச்சு, கீழ்மட்டத்துல இருக்கிற முன்சீஃப் கோர்ட் வரைக்கும் இறங்கி வர இத்தனை வருஷம் ஆச்சு.

போர்ட்டல்ல வக்கீல் தன்னோட பார் கவுன்சில் என்ரோல்மெண்ட் நம்பரைப் போட்டு ரெஜிஸ்டர் பண்ணணும். அப்புறம் மாவட்டம், கோர்ட், கேஸ் வகை, வாதி, பிரதிவாதி, அட்ரஸ், எந்த சட்டம், எந்த பிரிவுன்னு ஒவ்வொண்ணா நிரப்பணும். பிராது (வாதி தன் கேஸை எழுதிக் கொடுக்குறது), வக்காலத்து, ஆவணம் எல்லாத்தையும் பிடிஎஃப்பா ஏத்தணும், கோர்ட் ஃபீஸ் ஆன்லைன்ல கட்டணும், கையெழுத்து போடணும், சப்மிட். அங்க ஆபீஸ்ல சரி பாத்து ஒண்ணு ஏத்துக்குவாங்க இல்ல ரிட்டர்ன் போடுவாங்க. ஏத்துக்கிட்டா கேஸ் நம்பர் ஆகும், கூடவே சிஎன்ஆர்னு 16 எழுத்துல ஒரு நம்பர் விழும். மாநிலத்துக்கு ரெண்டு எழுத்து, மாவட்டத்துக்கு ரெண்டு, எந்த கோர்ட்டுங்கிறதுக்கு ரெண்டு, அப்புறம் வரிசை எண்ணு, கடைசி நாலு வருஷம். அந்த நம்பர் அந்த கேஸுக்கு மட்டும்தான், நாட்டுல வேற எந்த கேஸுக்கும் கிடையாது. அதை இ-கோர்ட்ஸ் ஆப்ல போட்டா கேஸ் எந்த நிலையில இருக்கு, அடுத்த வாய்தா எப்போ, போன வாய்தாவுக்கு என்ன நடந்துச்சு எல்லாம் யாரு வேணும்னாலும் பாக்கலாம், பைசா செலவில்ல. அமெரிக்காவுல பெடரல் கோர்ட் பேப்பர் பாக்க பேசர்னு ஒரு சிஸ்டம் இருக்கு, அதுல ஒரு பக்கத்துக்கு 10 சென்ட், ஒரு ஆவணத்துக்கு அதிகபட்சம் 3 டாலர்னு வாங்குறாங்க. ஆனா அங்க பிராது, எதிர்வாதம் எல்லாமே படிக்கலாம், நமக்கு ஆர்டரும் ஜட்ஜ்மெண்டும்தான் வெளிய தெரியும், மத்ததுக்கு காப்பி அப்ளிகேஷன்தான். நிலம், குடும்பம்னு இங்க வர்ற கேஸோட தன்மைக்கு இதுதான் சரின்னு எனக்குத் தோணுது.

கையெழுத்துன்னு சொன்னேன்ல, அங்கதான் எங்களுக்கு முதல் முட்டு. ஆதார் ஓடிபி வச்சு இ-சைன் போடலாம். ஆச்சியோட ஆதார்ல இருக்கிறது மகன் நம்பர். அவரு திருப்பூர்ல பனியன் கம்பெனியில நைட் ஷிஃப்ட் பாக்குறவரு, பகல்ல தூங்குவாரு, வேலைக்குள்ள போன் எடுத்துட்டுப் போக முடியாது. மூணு தடவை ஓடிபி அனுப்பி மூணு தடவையும் டைம் முடிஞ்சு போச்சு. நாலாவது தடவை அவரு எடுத்து, தூக்கக் கலக்கத்துல, "நம்பர் யாருக்கும் சொல்லக் கூடாதுன்னு போட்டிருக்கே மேடம்"னு கேட்டாரு. அவரு கேட்டது சரிதானே, ஏமாந்தவங்க கதை தினம் பேப்பர்ல வருது. நானும் வற்புறுத்தல. பிரிண்ட் எடுத்து, ஆச்சியை வரச் சொல்லி, பேனாவுல கையெழுத்து வாங்கி, அந்த பக்கத்தை ஸ்கேன் பண்ணி ஏத்தினேன். அதுக்கும் வழி வச்சிருக்காங்க, அதுவரைக்கும் நல்லது.

இனி எழுத்துப் பிரச்சினைக்கு வர்றேன், எனக்கு ரொம்ப நாளா மனசுல உறுத்துற விஷயம் இது. எங்க மாதிரி கீழ் கோர்ட்ல தமிழ்லதான் பிராது போடுறோம். எங்க ஆபீஸ்ல டைப் அடிக்கிற அக்கா தட்டச்சு ஹையர் பாஸ் பண்ணினவங்க, மெஷின்ல அடிச்ச காலத்துல இருந்து இருக்காங்க, எங்க சீனியர் சார் சொல்ல சொல்ல நிறுத்தாம அடிப்பாங்க. அவங்க அடிக்கிறது வானவில் ஃபான்ட். பக்கத்து ஆபீஸ்ல பாமினி. இதெல்லாம் யுனிகோட், அதாவது எல்லா கம்ப்யூட்டரும் ஒரே மாதிரி புரிஞ்சுக்கிற எழுத்து முறை கிடையாது. ஸ்கிரீன்ல தமிழ் மாதிரி தெரியும், உள்ள கம்ப்யூட்டர் வச்சிருக்கிறது வேற எழுத்து. அங்க இருந்து காப்பி பண்ணி போர்ட்டல்ல வழக்குமூலம், அதாவது கேஸ் போட என்ன காரணம்னு எழுதுற கட்டத்துல போட்டா, ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமா ஏதோ ஒண்ணு வந்து விழும். முதல் தடவை அக்கா அதைப் பாத்துட்டு வைரஸ் வந்துடுச்சுன்னு பயந்துட்டாங்க. தமிழ்நாடு அரசு 2010லயே யுனிகோட்தான்னு ஆணை போட்டாச்சு. ஆனா கோர்ட் வாசல்ல இருக்கிற டைப்பிங் சென்டருக்கு அந்த ஆணை இன்னும் வந்து சேரல.

சரி ஃபான்ட் மாறினா என்ன, பிடிஎஃப் பாக்க அழகாத்தானே இருக்குன்னு கேப்பீங்க. தேட முடியாது. 80 பக்க பிராதுல ஒரு பேரைத் தேடணும்னா ஆங்கிலத்துல இருந்தா ரெண்டு பட்டன் தட்டினா போதும், இந்த ஃபான்ட்ல அடிச்ச தமிழா இருந்தா ஒவ்வொரு பக்கமா தள்ளித்தான் பாக்கணும். அதைவிட மோசம், பெரும்பாலான ஆபீஸ்ல என்ன பண்றாங்கன்னா கம்ப்யூட்டர்ல அடிச்சதை பிரிண்ட் எடுக்குறாங்க, கையெழுத்து போடுறாங்க, திரும்ப அந்த 80 பக்கத்தையும் ஸ்கேன் பண்ணி ஏத்துறாங்க. எழுத்தா இருந்தது படமா மாறிடுது. ஜட்ஜ் முன்னாடி ரெண்டு ஸ்கிரீன் வச்சுக் கொடுத்து என்ன பிரயோஜனம், அவரு பாக்குறது பேப்பரோட போட்டோவைத்தான். அதுக்கு பேப்பரே தேவலை, அதுல பென்சில்ல ஒரு கோடாவது போடலாம்.

இதுக்கு வழி ரொம்ப சுலபம், நாங்க எங்க ஆபீஸ்ல செஞ்சுட்டோம். என்எச்எம் ரைட்டர்னு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அதுல பழைய தட்டச்சு கீபோர்டையே வச்சுக்கலாம், அக்கா விரல் பழகின இடத்துலயே அடிப்பாங்க, வர்றது யுனிகோட். விரலுக்கு ஒண்ணும் புதுசு கிடையாது. ரெண்டு நாள்தான் ஆச்சு, மூணாவது நாள்ல இருந்து அக்கா பழைய வேகத்துல அடிக்கிறாங்க. அப்புறம் பிராதை நேரா பிடிஎஃப்பா மாத்திடுறோம், கையெழுத்து உள்ள பக்கத்தை மட்டும் ஸ்கேன் பண்ணி நடுவுல சேத்துடுறோம். பக்க எண் முதல்ல இருந்து கடைசி வரைக்கும் ஒரே வரிசை, ஒவ்வொரு ஆவணத்துக்கும் புக்மார்க். டைப் அடிச்ச தாளுன்னா 300 டிபிஐ பிளாக் அண்ட் ஒயிட் போதும். கையால எழுதின பழைய பத்திரம், முத்திரைத்தாள், ரேகை வச்ச பக்கம்னா கண்டிப்பா கலர். இந்த கடைசி விஷயத்தை ஆச்சி கேஸ்லதான் கத்துக்கிட்டேன்.

எங்க சீனியருக்கு 74 வயசு. அவரு இந்த கம்ப்யூட்டர் வேலைக்கு எதிரியா இருப்பாருன்னு எல்லாரும் நினைப்பாங்க, ஆனா அப்படி இல்ல. ஏன்னு ஒரு நாள் சொன்னாரு. அவரு ஜூனியரா இருந்த காலத்துல ஒரு கேஸ் அப்பீல் வரைக்கும் போய் திரும்பி வந்துச்சு, வந்த இடத்துல கட்டைக் காணோம். எந்த அலமாரியில மாட்டிச்சோ, மழையில நனைஞ்சு எந்த மூலையில கிடந்துச்சோ, யாருக்கும் தெரியல. ரெண்டு தரப்பு வக்கீல்கிட்டயும் இருந்த நகலை வாங்கி, சாட்சி வாக்குமூலத்துக்கு சர்டிஃபைட் காப்பி யார்கிட்ட இருக்குன்னு தேடி அலைஞ்சு, கட்டைத் திரும்ப உருவாக்குறதுக்கே ரெண்டு வருஷம் பக்கம் ஆயிடுச்சு. வாதி அதுக்குள்ள செத்துப்போயிட்டாரு. சார் அதைச் சொல்லும்போது குரல் இறங்கிடுச்சு. "தோத்திருந்தாக்கூட பரவால்லம்மா, கட்டு இல்லன்னு ஒரு மனுசனை காக்க வச்சோம்"னாரு. அதுக்கு மேல அவரு பேசல.

அதே மாதிரி தூரம். 2004 ஜூலைல மதுரையில ஹைகோர்ட் கிளை வர்ற வரைக்கும் எங்க பக்கத்து ஆளுங்க ஒரு அப்பீல் போட 600 கிலோமீட்டருக்கு மேல சென்னைக்குப் போகணும், ராத்திரி ரயில்ல கட்டைத் தலைமாட்டுல வச்சுக்கிட்டு. இப்போ மதுரைக்குக்கூட போகாம இங்க இருந்தே ஏத்திட முடியுது. கடைசி நாள் வரைக்கும் இழுத்துட்டு ஓடி வர்ற கட்சிக்காரங்க எப்பவும் உண்டு, முன்னாடின்னா கவுண்டர் மூடியாச்சு, அவ்வளவுதான், தாமதத்தை மன்னிக்கச் சொல்லி ஒரு மனு போட்டு அதுக்கு ஒரு வருஷம் அலையணும். இப்போ ராத்திரி போட்டாலும் எந்த தேதி எந்த மணிக்கு போட்டோம்னு சிஸ்டத்துல பதிவாயிடும், யாரும் இல்லன்னு சொல்ல முடியாது. கொரோனா வந்து கோர்ட்டை மூடினப்போ, 15.3.2020ல இருந்து 28.2.2022 வரைக்கும் உள்ள நாளை காலக்கெடுவுல கணக்கு பண்ண வேண்டாம்னு சுப்ரீம் கோர்ட்டே சொல்ல வேண்டியதா போச்சு. நான் வீட்டுல உக்காந்து ஒரு ஜாமீன் மனுவை மெயில்ல அனுப்பினது அந்த நாள்லதான். ஒரு பையன் அதுல வெளிய வந்தான். அவன் அம்மா போன்ல அழுதது இன்னும் காதுல இருக்கு.

இவ்வளவு நல்லது சொல்றேனே, அப்புறம் ஏன் வக்கீலுங்க எதிர்க்கிறாங்கன்னா, அதுலயும் நியாயம் இருக்கு. கீழ் கோர்ட்ல இ-ஃபைலிங் கட்டாயம்னு சொன்னப்போ தமிழ்நாட்டுல பல ஊர்ல கோர்ட் புறக்கணிப்பு நடந்துச்சு. வேலையே செய்யாதவங்க பண்ற கலாட்டான்னு வெளிய சிலர் பேசினாங்க, அது எனக்கு வலிச்சது. இங்க வந்து பாக்கணும். ஆன்லைன்ல ஏத்தினதும் வேலை முடியாது, அதே பேப்பரை கட்டா கட்டி கவுண்டர்லயும் கொடுக்கணும். ஒரு வேலை ரெண்டு வேலை ஆயிடுது. மத்தியானம் ஆனா போர்ட்டல் சுத்திக்கிட்டே இருக்கும், 40 பக்கம் ஏறி 41ல நின்னுடும். ஸ்கேனர் வாங்க முடியாத ஜூனியர் எத்தனை பேரு, வாடகை கொடுத்து ரூம் எடுக்க முடியாம மரத்தடியில டேபிள் போட்டு உக்காந்திருக்கிறவங்க எத்தனை பேரு. அவங்களை லேப்டாப்போட வான்னு சொல்றதுக்கு முன்னாடி கோர்ட் வளாகத்துல நாலு ஸ்கேனரும் ஒரு நல்ல இன்டர்நெட்டும் சொல்லிக் கொடுக்க ரெண்டு ஆளும் போடணும். இ-சேவா மையம்னு கோர்ட்லயே வச்சிருக்காங்க, நல்ல ஏற்பாடு, ஆனா பேரு நம்ம அரசு இ-சேவை மையம் மாதிரியே இருக்கிறதால கட்சிக்காரங்க சாதி சர்டிஃபிகேட் வாங்குற இடத்துக்குப் போய் நின்னுட்டு, "அங்க இல்லன்னு சொல்லுதாவம்மா"ன்னு திரும்பி வர்றாங்க.

ஸ்கேனர் இல்லாதவங்க எங்க போறாங்கன்னா ஜெராக்ஸ் கடைக்கு. இதை யாரும் பேசுறதில்ல, நான் பேசுறேன். ஒரு கடையில என்னோட வேலைக்காக நின்னுக்கிட்டு இருந்தப்போ அந்த டெஸ்க்டாப்பைப் பாத்தேன். ஸ்கிரீன் முழுக்க ஃபைல், ஒவ்வொண்ணும் யாரோ ஒருத்தரோட பேரு. விவாகரத்து மனு, ஜீவனாம்சம், குழந்தையை யாருகிட்ட விடுறதுங்கிற மனு, அதுல பேங்க் ஸ்டேட்மெண்ட், ஆதார் நகல், பொண்ணோட மெடிக்கல் ரிப்போர்ட்னு எல்லாம் அப்படியே கிடக்குது. அடுத்து பயோடேட்டா அடிக்க வர்ற பையன் அதே மவுஸைத்தான் பிடிக்கப் போறான். சில வக்கீலுங்க லாகின் பாஸ்வேர்டையே கடைக்காரர்கிட்ட கொடுத்து வச்சிருக்காங்க. அந்த கடைக்காரரு தப்பானவரு இல்ல, அவரு வேலையை அவரு பாக்குறாரு. நம்மள நம்பி குடும்ப விஷயத்தைச் சொன்ன ஒரு பொண்ணுக்கு நாம பண்ற துரோகம் இது. கடையில ஸ்கேன் பண்ணித்தான் ஆகணும்னா பென் டிரைவ்ல எடுத்துக்கிட்டு, அங்க இருக்கிறதை அழிச்சு, ரீசைக்கிள் பின்னையும் காலி பண்ணிட்டு வாங்க. நாங்க இப்ப குமாஸ்தா அண்ணனை அனுப்பும்போது அதைப் பாத்துட்டு வரச் சொல்றோம்.

குமாஸ்தா அண்ணனைப் பத்தி தனியா சொல்லணும். 30 வருஷமா எங்க ஆபீஸ்ல இருக்காரு. எந்த கோர்ட்ல எந்த அலமாரி, சம்மன் அனுப்புறதுக்கான பேட்டா கட்டணத்தை எப்ப கட்டணும், சம்மனைக் கொண்டு போய் கொடுக்குற எந்த அமீன் கையில அது இருக்குன்னு விரல் நுனியில வச்சிருக்கிறவரு. இ-ஃபைலிங் வந்ததும் தன் வேலை போச்சுன்னு நினைச்சுட்டாரு, ஒரு வாரம் யாருகிட்டயும் சரியா பேசல. இப்ப எங்க ஆபீஸ்ல ஸ்கேன் ஆளு அவருதான். ஏன்னா ஒரு கட்டை எந்த வரிசையில அடுக்கணும், எது மேல எது கீழ, எந்த பக்கம் விட்டுப்போச்சுன்னு பாத்த உடனே தெரியுற கண்ணு அவருக்குத்தான் இருக்கு, எனக்குக் கிடையாது. அந்த 30 வருஷ அறிவை சிஸ்டத்துக்குள்ள கொண்டு வராம குமாஸ்தாக்களை வெளிய நிறுத்தினா நஷ்டம் கோர்ட்டுக்குத்தான்.

இன்னொரு விஷயமும் இருக்கு, சின்னதா சொல்லிட்டுப் போறேன். 2024 ஜூலை 1ல இருந்து புது சாட்சிய சட்டம் வந்துடுச்சு. வாட்ஸ்அப் ஆடியோ, சிசிடிவி மாதிரி எலக்ட்ரானிக் ஆதாரம் கொடுத்தா 63ஆம் பிரிவுல ஒரு சர்டிஃபிகேட் கொடுக்கணும், பழைய சட்டத்துல 65பி பிரிவுல கொடுத்த சர்டிஃபிகேட் மாதிரி. இதுல ஹேஷ் வேல்யூவும் எழுதணும். ஹேஷ்னா அந்த ஃபைலோட கைரேகைன்னு வச்சுக்கோங்க, ஃபைல்ல ஒரே ஒரு எழுத்து மாறினாலும் அந்த ரேகை மொத்தமா மாறிடும். எஸ்எச்ஏ-256ங்கிற முறையில எடுத்தா 64 எழுத்து வரும். வாட்ஸ்அப்ல இருந்து ஆடியோவை கம்ப்யூட்டருக்கு எடுத்து, வேற ஃபார்மேட்டுக்கு மாத்தி, அப்புறம் ஹேஷ் எடுத்தா அது வேற ஃபைலோட ரேகை. முதல்ல ஹேஷ் எடுங்க, அப்புறம் மத்ததெல்லாம். சர்டிஃபிகேட்ல ரெண்டு பகுதி, முதல் பகுதி கட்சிக்காரர் போடுறது, ரெண்டாவது எக்ஸ்பர்ட் போடுறது, ரெண்டும் வேணும்.

திரும்ப ஆச்சிக்கு வர்றேன். ரிட்டர்ன் வந்த மறுநாள் காலையில போன் பண்ணினேன், பத்திரத்தை எடுத்துட்டு வர முடியுமான்னு. முட்டு வலி, பஸ் ஏற முடியலன்னாங்க. சரின்னு கோர்ட்டுக்குப் போறதுக்கு முன்னாடி நானும் குமாஸ்தா அண்ணனும் அவங்க ஊருக்கே போயிட்டோம். போகும்போது அண்ணன் ஆபீஸ் சுவத்துல இருந்த ஒரு போட்டோ ஃபிரேம்ல இருந்து கண்ணாடியை மட்டும் கழட்டி துணியில சுத்தி எடுத்துக்கிட்டாரு, எதுக்குன்னு கேட்டதுக்கு வாங்க சொல்றேன்னாரு. திண்ணையில சாக்கு விரிச்சு அதுமேல பத்திரத்தைப் பிரிச்சு வச்சு, மேல அந்த கண்ணாடியை மெதுவா வச்சாரு. மடிப்பு அப்படியே படிஞ்சு தட்டையா ஆயிடுச்சு. வெயில் நேரா விழுந்தா கண்ணாடி பளிச்சுன்னு அடிக்கும், அதனால நான் முந்தானையை விரிச்சு மறைச்சுக்கிட்டேன், அண்ணன் மொபைல்ல கலர்ல எடுத்தாரு. நாலு தடவை எடுத்தோம். நாலாவதுல பழுப்பு பழுப்பாவே தெரிஞ்சுது, அதுக்கு மேல நீலமும் கறுப்பும் கலந்த மையில ஒவ்வொரு எழுத்தும் தனித்தனியா நின்னுச்சு.

பெருசாக்கி ஆச்சிகிட்ட காட்டினேன். அவங்களுக்கு எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும். விரலை ஸ்கிரீன் மேல வச்சு ஒவ்வொரு எழுத்தா சொல்லிக்கிட்டே வந்தாங்க, கு-ள-த்-து ம-டை-க்-கு. அப்புறம் பக்கத்தோட அடியில இருந்த கையெழுத்துக்கு வந்ததும் நின்னுட்டாங்க. "இது எங்க அய்யா கையெழுத்துல்லா"ன்னாங்க. அந்த பத்திரம் அத்தனை வருஷமா அவங்க கையில இருந்திருக்கு, மடிப்பு கிழிஞ்சிரும்னு பயந்து பிரிச்சே பாக்கல போல. அன்னைக்குத்தான் பாத்தாங்க.

கலர்ல எடுத்ததால சைஸ் கூடிப்போச்சு, அந்த ஒரு ஆவணத்தை மட்டும் கொஞ்சம் சுருக்கி ஏத்தினேன். மூணாவது நாள் கேஸ் நம்பர் ஆயிடுச்சு, சிஎன்ஆரும் வந்துச்சு. ஆச்சிக்கு போன் பண்ணினா அடுத்த வாரம் பேரனைக் கூட்டிக்கிட்டு ஆபீஸுக்கே வந்துட்டாங்க, அவன் பத்தாங்கிளாஸ் படிக்கிறான். அவன் போன்ல ஆப்பைப் போட்டுக் கொடுத்தேன், நம்பரை அடிக்கச் சொன்னேன், அடிச்சான், அவங்க பேரு வாதின்னு தமிழ்நாட்டு கோர்ட் லிஸ்ட்ல வந்து நின்னுச்சு. ஆச்சிக்கு போன் மேல முழு நம்பிக்கை இல்ல. அந்த 16 எழுத்தையும் ஒரு காலண்டர் அட்டையில பெருசா எழுதித் தரச் சொல்லி வாங்கி, மஞ்சப்பையில பத்திரத்தோட சேத்து வச்சுக்கிட்டாங்க.

அசல் பத்திரத்தை விசாரணை வரும்போது கோர்ட்ல தாக்கல் பண்ணணும்னு சொல்லியிருக்கேன், அதுக்கு மட்டும் இன்னும் மனசு வரல அவங்களுக்கு. "தந்தா திருப்பித் தருவாவளா"ன்னு ஒவ்வொரு தடவையும் கேக்குறாங்க. பிரதிவாதிங்க ஆறு பேருல அஞ்சு பேருக்கு சம்மன் சேந்துடுச்சு. ஒருத்தரு மும்பையில இருக்காரு, அவருக்குத் திரும்ப பேட்டா கட்டியிருக்கோம். நேத்து ராத்திரி பேரன் மெசேஜ் போட்டிருந்தான், அடுத்த வாய்தா மாறியிருக்கு பாத்தீங்களா அக்கான்னு. நான் அப்பதான் பாத்தேன்.